குளிர்காற்றுக்கு ஒரு கதவு

மினசோட்டாவின் ஜனவரியில் காருக்குள் வீசும் வெப்பத்தை வசதி என்று சொல்லிவிட முடியாது. அது இல்லாமல் பயணமே இல்லை. எங்கள் பழைய வண்டியில் ஓட்டுநர் பக்கம் அனலும் மறுபக்கம் குளிரும் வீசத் தொடங்கியிருந்தன. அந்த மறுபக்கத்தில் அமர்ந்து வந்தவர் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. "காலுதான் கொஞ்சம் விறைக்குது, பரவால்ல" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

வெப்பத்துக்கு வண்டியில் பஞ்சமேயில்லை. எஞ்சினில் சூடேறிய கூலண்ட், டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் வழியே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காற்று அதனூடே செல்வதா, விலகிச் செல்வதா என்பதைத் தீர்மானிப்பது ஒரு பிளாஸ்டிக் கதவு. அதைத் திருப்புவது உள்ளங்கையில் அடங்கும் ஆக்சுவேட்டர்: சிறு மோட்டார், சில பிளாஸ்டிக் பற்சக்கரங்கள், கதவின் நிலையைக் கணினிக்கு அறிவிக்கும் ஓர் உணரி. பல் முறிந்தால் சக்கரம் வழுக்கி டிக் டிக்கென்று ஒலிக்கும். அவ்வொலியை அம்மா பல்லி என்றே சொல்லிவந்தார். பலனும் பார்த்திருப்பார் போலும்.

பணிமனையில் கேட்ட கூலி, பொருளின் விலையைப்போல் பல மடங்கு. அதில் அநியாயம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் நாங்களே முயல்வதென்று முடிவாயிற்று.

ஏர்பேக் அருகில் இருப்பதால் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிச் சற்றுக் காத்திருந்தோம். கிளவ் பாக்ஸை இறக்கினோம். மூன்று திருகுகள், 5.5 மி.மீ. தலை. இரண்டு கண்ணுக்குத் தெரிந்தன. மூன்றாவது காற்றுக்குழாயின் பின்னே, தொட்டு மட்டுமே அறியக்கூடிய இடத்தில். கையுறையோடு எதையும் உணர முடியாது. கழற்றினால் ஐந்து நிமிடத்தில் விரல்கள் மரத்துவிடும். அம்மா டார்ச் பிடிக்க, எங்கள் இருவரில் சிறுத்த கை உள்ளே நுழைந்தது. திருகு அரைக்கால் சுற்றாகத்தான் நகர்ந்தது. நடுவே இருமுறை வீட்டுக்குள் ஓடிக் குளிர்காய்ந்து வந்தோம்.

பழையது கையோடு வந்ததும் உண்மையான அச்சம் தொடங்கியது. முறிந்தது பல்லாக இல்லாமல் கதவாக இருந்தால் டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற நேரிடும். அச்சை விரலால் திருப்பினோம். இரு எல்லை வரையிலும் தடையின்றிச் சென்று முட்டி நின்றது.

புதியதைப் பொருத்தி, பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பியபின் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. கதவின் இரு எல்லைகளையும் கணினி தானே அளந்து கற்றுக்கொள்ள வேண்டும். மெல்லிய முனகல், பிறகு மௌனம். எஞ்சின் சூடேறியதும் அம்மாவின் பக்கமும் அனல் வந்தது.

இரவில் பழைய ஆக்சுவேட்டரைப் பிரித்தோம். நாணயத்தினும் சிறிய வெள்ளைச் சக்கரத்தில் இரண்டு பற்களைக் காணோம். அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்துனூண்டு பல்லுக்கா?"