தோல் போகலை, நூல்தான் போச்சு!

"அம்மா, அந்தத் தோல் பையைத் தூக்கிப் போடேன். ஒரு மாட்டையே தோளில் மாட்டிண்டு போற மாதிரி இருக்கு!"

போன வருஷம் என் பெண் இப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. மாமிசம் சாப்பிடாத வீடு எங்களுடையது. அவள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. கையோடு, விலங்குத் தோல் கலக்காதது என்று சீட்டுத் தொங்கிய பளபளப்பான பை ஒன்றையும் வாங்கித் தந்தாள். 1992ல், கல்யாணமான மறு வருஷம், இவர் வாங்கித் தந்த பழைய பை வார் அறுந்து பரணுக்குப் போயிற்று.

புதுப் பைக்கு ஆயுசு ஒரே மழைக்காலம்! செதில் செதிலாக உரிந்து புடவையெல்லாம் கறுப்புத் துகள். துணி மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசியதுதானாம் அது. நம் பழைய ரெக்ஸினுக்குச் சித்தப்பா பெண் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஈரக்காற்று பட்டுப் பட்டு அந்தப் பூச்சு விட்டுப் போகிறது. மண்ணில் போட்டால் லேசில் மக்குவதும் இல்லை.

பரணிலிருந்து பழைய பையை இறக்கினேன். பூஞ்சை பூத்துக் கிடந்தது. பஸ் ஸ்டாப் மரத்தடியில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோல் போகலைம்மா, நூல்தான் போச்சு. ஏன் போட்டு வச்சீங்க?"

மெழுகு தடவிய நூலைக் கோத்துத் தைக்க ஆரம்பித்தார். நடுவில், "குடிக்கத் தண்ணி இருக்காம்மா?" என்றார். பாட்டிலை நீட்டினேன். அதை வாங்காமல் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார்.

அந்தக் கைகளைப் பார்த்ததும் என் பிறந்த வீட்டு வாசல்தான் கண்முன் வந்தது. வாணியம்பாடி எனக்கு. அங்கே செருப்பு தைக்க வருகிறவரைத் திண்ணைக்குக் கீழேயே நிறுத்திவிட்டு, குவித்த கையில் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவாள் பாட்டி. சொம்பு அவர் மேல் படக்கூடாது. அவர் தைத்த செருப்பைப் போட்டுக்கொள்ள மட்டும் யாரும் கூசியதில்லை. பத்து வயதில் நானும் அப்படி ஊற்றியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் உடம்பு குறுகுகிறது.

அந்தக் கிணற்றுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக் கணக்கில் தோலை ஊற வைத்துப் பதனிடுவார்கள். அப்புறம் குரோமிய உப்பு வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது. ஒரு கிலோ தோலுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அத்தனையும் உப்பும் சுண்ணாம்பும் குரோமியமுமாகப் பாலாற்றுப் பக்கம் ஓடியது. 1994ல் பிள்ளைப்பேற்றுக்கு நான் போனபோது எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போனாள். அப்போது வயிற்றில் இருந்தவள்தான், பையைத் தூக்கிப் போடச் சொன்ன இந்தப் பெண்!

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஆலைகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டு, கழிவைச் சுத்திகரித்தே ஆக வேண்டும் என்றது. ஆனாலும் அதே ஆற்றுக்காக 2025 ஜனவரியில் மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

என் பை எந்த ஊர்த் தண்ணீரில் பதமானதோ! எங்கள் கிணற்றைக் கெடுத்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம். ஒரு மாடு போயிற்று, தண்ணீர் போயிற்று. பரணில் போட்டால் எது திரும்பி வரும்? இனி புதுசாகத் தோல் வாங்கப் போவதில்லை. இருப்பதைக் கடைசிவரை உபயோகிப்பது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

"கையிலேயே வாங்கிக் குடிங்க ஐயா" என்று பாட்டிலை அவர் கையில் வைத்தேன். ஒரு கணம் தயங்கினார். அண்ணாந்து குடித்துவிட்டு, மூடியைக்கூடத் துடைத்துத் திருப்பித் தந்தார். எண்பது ரூபாய்தான் கேட்டார். பக்குவமும் சொன்னார்: பூஞ்சையை உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் ஆற விட வேண்டும், வெயில் ஆகாது. விளக்கெண்ணெய் ஒரு சொட்டுத் துணியில் தொட்டு, லேசாகத் தேய்த்தால் போதும். பாலிதீன் கவரில் கட்டி வைக்காமல் பழைய தலையணை உறையில் போட்டு வைக்க வேண்டும்.

மறுநாள் உரிந்த பையையும் எடுத்துப் போனேன். "இதுல ஊசி குத்தினா கிழியும்மா" என்று திருப்பித் தந்துவிட்டார்.

என் பெண் இன்றும் தோல் பொருள் தொடுவதில்லை. அது அவள் தீர்மானம், நான் வாதாடுவதில்லை. ஆனால் உரிந்த பையைக் குப்பையில் போட அவளுக்கும் மனசு வரவில்லை. துணிக் கிளிப்புகளைப் போட்டு மொட்டை மாடிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறாள்.