நோத்தோவின் விருந்தினர்

ஒரு நாட்டை அறிய விரும்புவோர் அதன் தலைநகரைக் கண்டு திரும்பினாற் போதும் என எண்ணுவது உலக வழக்கு. பட்டப்பின் படிப்பின் பொருட்டு யப்பானுக்குச் சென்றபோது நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். தோக்கியோவின் மின்னொளியையும் கியோத்தோவின் கோயில்களையும் பார்த்துவிட்டால் அந்நாட்டைப் பார்த்தாயிற்று என்பது என் கணக்கு. அக்கணக்கைப் பிழையாக்கியது நோத்தோ.

நோத்தோ ஒரு குடாநாடு. யப்பானின் பெருந்தீவாகிய கொன்சூவின் மேற்குக் கரையிலிருந்து, மடித்த விரல் போல யப்பான் கடலினுள் நீண்டு கிடப்பது. இசிக்காவா மாநிலத்தின் வடபகுதி அது. அம்மாநிலத்தின் தலைநகராகிய கனசாவாவில் 2017 முதல் 2019 வரை நான் பயின்றேன். ஆய்வுகூடத்தில் என்னுடன் பயின்ற நண்பர் ஒருவரின் தந்தையைப் பெற்றோர், குடாநாட்டின் நுனியை அண்டிய சிற்றூர் ஒன்றில் வயல் செய்து வாழ்ந்தனர். நான் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்தவன் என்பதை அறிந்ததும், "அப்படியானால் எங்கள் குடாநாட்டையும் நீங்கள் பார்க்கத்தான் வேண்டும்" என்று அவர் என்னை அழைத்துச் சென்றார். நண்பர் தம் பாட்டியை 'ஒபாச்சான்' என விளித்தார். நாம் 'அப்பாச்சி' என்போம். ஒலியளவில் ஏற்பட்ட அந்தத் தற்செயலான நெருக்கம் எனக்குப் பெரிதும் ஆறுதலாயிருந்தது.

நான் முதலிற் சென்றது இளவேனிற் காலம். அனமிசுப் பகுதியில் நோத்தோ-கசிமா என்றொரு சிறு புகையிரத நிலையம் உண்டு. ஏப்ரல் மாதத்தில் அதன் மேடையின் இருபுறமும் செரி மரங்கள் பூத்துக் கவிந்து, வண்டி பூக்களாலான குகையொன்றினுள் நுழைவது போலத் தோன்றும். மே மாதத்திலோ 'கிரிசிமா' என்னும் செம்பூச் செடிகள் மலர்கின்றன. நூறாண்டுகள் கடந்த செடிகளும் அங்குள்ளன. அவை நிற்பது பொதுப் பூங்காக்களில் அன்று; பெரும்பாலும் வீட்டு முற்றங்களில். பூக்கும் நாள்களில் வீட்டார் தம் படலையைத் திறந்துவைப்பர். முன்பின் அறியாதவரும் உள்ளே சென்று பார்த்து மகிழலாம். கட்டணம் கேட்பார் எவருமில்லையே என நான் வியந்தபோது, "பூவைப் பார்க்க வந்தவரிடம் காசு வாங்குவதா?" என்று ஒபாச்சான் நகைத்தார்.

வஜிமா நகருக்கு அணித்தாகச் சிரோயோனே என்னுமிடத்தில், மலைச்சரிவில் தொடங்கிக் கடலின் விளிம்பு வரை படிப்படியாக இறங்கும் 1004 வயல்கள் உள்ளன. அவற்றுட் சில ஒரு பாயளவே ஆனவை. இயந்திரம் இறங்க இடமின்மையால் நாற்று நடுவதும் அரிவி வெட்டுவதும் கையாலேயே நடைபெற வேண்டும். இத்தகைய வயலும் காடும் கடலும் ஒன்றையொன்று தாங்கும் வாழ்முறைக்காகவே, 2011ஆம் ஆண்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண்மை மரபுகளின் வரிசையில் நோத்தோ சேர்க்கப்பட்டது.

கோடையில் நான் கண்டது உப்பு. சுசுக் கரையில் அது செய்யப்படும் முறை, ஆனையிறவில் நாம் கண்டு பழகிய முறையினின்றும் வேறானது. கடல்நீரை வாளிகளிற் சுமந்து வந்து, மணற்பரப்பின்மீது மென்மழை போல் விசிறுகின்றனர். வெயிலிற் காய்ந்து உப்பேறிய மணலைக் கூட்டி மரப்பெட்டியிலிட்டு, மீண்டும் கடல்நீர் ஊற்றி வடித்து, அச்செறிந்த நீரை விறகடுப்பில் நெடுநேரம் காய்ச்சுகின்றனர். நீர் சுமக்கப் பழக மூன்று ஆண்டுகள், விசிறப் பழகப் பத்து ஆண்டுகள் என்பது அங்குள்ளோர் வாய்மொழி.

யூலை முதல் ஒக்ரோபர் வரை ஊருக்கு ஊர் 'கிரிக்கோ' விழா. கிரிக்கோ என்பது தோளிற் சுமக்கப்படும் மாபெரும் விளக்குக் கூண்டு. பத்து மீற்றருக்கு மேல் உயர்ந்தனவும் உள. யூலைத் தொடக்கத்தில் உசிற்சு என்னும் ஊரில் நடைபெறும் விழாவிற் பெருந்தீப்பந்தங்களைச் சுற்றிக் கிரிக்கோக்கள் ஆடிவர, தீப்பொறி மழையெனச் சொரியும். எனினும் விழாவின் உயிர் வீதியில் மட்டும் இல்லை. 'யொபாரே' என்றொரு வழக்கம் உண்டு. விழா நாளில் ஒவ்வொரு வீடும் உற்றாரையும் நண்பரையும் அவர்தம் நண்பரையும் அழைத்து உணவளிக்கும். அன்று நண்பர் வீட்டிற் பந்தியிலிருந்த இருபது பேரில் எவர் எவருக்கு உறவு என்பதை இறுதிவரை என்னால் அறிய முடியவில்லை. கணவாயின் குடலை உப்பிட்டு நெடுநாள் ஊறவைத்து வடித்த 'இசிரு' என்னும் சாற்றிற் சமைத்த கறியை ஒபாச்சான் என் முன் வைத்தார். அதன் மணம் எனக்குப் பருத்தித்துறைக் கரையின் கருவாட்டுப் பந்தலை நினைவூட்டியது.

இலையுதிர் காலத்தில் அரிந்த நெற்கதிர்களை மரச்சட்டங்களிலே தொங்கவிட்டு வெயிலிலும் காற்றிலும் உலர்த்துகின்றனர். சிக்காப் பகுதியிற் காக்கிப் பழங்களைத் தோல் சீவிக் கயிற்றிற் கோத்து உலரவிடுகின்றனர். நவம்பரில் நண்டுப் பருவம் தொடங்குகிறது. அதனையடுத்து, பனிக்காலத்தை முன்னறிவிக்கும் இடி முழங்கும். 'புரி' என்னும் பெருமீன் கூட்டத்தைத் துயிலெழுப்பும் இடி என்று மீனவர் அதனை அழைப்பர். கடுங்குளிரில் அலைநுரை பூப்போலத் திரண்டு காற்றிற் பறக்கும். கடற்காற்றைத் தடுக்க ஊரையே சுற்றி நெடிய மூங்கில் வேலி நிற்கும். நம்மவர் மூழ்கியெடுத்து ஏற்றுமதிக்கு விடும் கடலட்டை, அங்கு பனிக்காலத்தின் அரிய உணவு.

இவ்வளவையும் கண்டு சுவைத்த பின்னரும், நோத்தோவின் உட்பொருளை நான் உணர்ந்தது 2018 டிசெம்பர் 5ஆம் நாளிலேதான். அன்று அவ்வூர்ப் பகுதிகளிற் சில குடும்பங்கள் 'ஆயெ-நோ-கொத்தோ' என்னும் சடங்கை நிகழ்த்துகின்றன. விளைச்சல் தந்த வயற்றெய்வத்தை வீட்டுக்கு அழைத்து விருந்தளிக்கும் சடங்கு அது. யுனெஸ்கோ நிறுவனம் 2009இல் அதனை மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. அத்தெய்வத்துக்குக் கண் தெரியாது என்பது அம்மக்களின் நம்பிக்கை. ஆதலால் வீட்டுத் தலைவர் ஒவ்வொன்றையும் வாய்விட்டுக் கூற வேண்டும்.

நண்பரின் பாட்டனார் மரபுடை தரித்து வயலுக்குச் சென்றார். வெறும் வெளியை நோக்கி வணங்கி, "ஓராண்டு உழைத்தீர்கள், வாருங்கள்" என அழைத்தார். வழியெங்கும் யாரோ ஒருவரைக் கைப்பிடித்து நடத்துவது போல மெல்ல நடந்தார். வாயிலில், "இங்கே ஒரு படி உண்டு, கவனம்" என்றார். அடுப்பருகே குளிர்காய அமர்த்தினார். குளியலறைக்கு இட்டுச்சென்று, நீரின் சூட்டைத் தம் கையால் பார்த்துக் கூறினார். பின்னர் வஜிமாவின் அரக்குக் கிண்ணங்களில் விருந்து. மரப்பாலுடன் சுட்ட மண்ணின் பொடியைக் குழைத்துப் பூசி, நூற்றுக்கு மேற்பட்ட படிகளிற் செய்து முடிக்கப்படுபவை அக்கிண்ணங்கள். சிவப்பு அவரையிட்ட சோறு, மீன், கவர்விட்ட முள்ளங்கி என ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிப் படைத்தார். தெய்வம் தம்பதியர் ஆகையால் அனைத்தும் இரண்டிரண்டு. விதைநெல் மூட்டையுருவில் பனிக்காலம் முழுவதும் வீட்டிலே தங்கி, பெப்ரவரி 9ஆம் நாள் மீண்டும் வயலுக்கு வழியனுப்பப்படும்.

விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் படித்து வளர்ந்தவன் நான். ஆயினும், கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்காகக் குளியல் நீரின் சூட்டைப் பதம் பார்க்கும் அம்முதியவரின் கையைக் கண்டபோதுதான் அச்சொல்லின் முழு எடையும் எனக்குப் புலனாயிற்று.

2024 ஜனவரி முதலாம் நாள் பிற்பகல் 4.10க்கு, 7.6 அளவிலான நிலநடுக்கம் நோத்தோவைத் தாக்கியது. புத்தாண்டுக்காகப் பிள்ளைகள் ஊர் திரும்பியிருந்த வேளை அது. 220க்கு மேற்பட்டோர் நேரடியாக அதனால் உயிரிழந்தனர். பின்னைய மாதங்களின் துன்பங்களால் இறந்தோர் அதனினும் பலர். வடகரையிற் சில இடங்களில் நிலம் ஏறத்தாழ 4 மீற்றர் மேலெழுந்தது, கடல் விலகிற்று. வஜிமாவின் பழமை வாய்ந்த காலைச் சந்தைப் பகுதி எரிந்து சாம்பலாயிற்று. 1004 வயல்களிற் பெரும்பாலானவை வெடித்தன; அவ்வாண்டு நடப்பட்டவை ஏறத்தாழ 120 மட்டுமே. செப்ரெம்பர் 21ஆம் நாள் பெய்த பெருமழை, மீண்டெழ முயன்றோரையும் மீளவும் வீழ்த்தியது.

2025 ஒக்ரோபரில் ஒரு கருத்தரங்குக்காகக் கனசாவா சென்ற நான், நண்பருடன் நோத்தோவுக்கும் போனேன். வீடு நின்ற இடத்தில் வெறும் நிலமே இருந்தது. பாட்டனார் 2024 வசந்தத்தில் மறைந்துவிட்டார். ஒபாச்சான் தற்காலிகக் குடியிருப்பின் சிறிய அறை ஒன்றில் இருந்தார். சுவரோரம் மூன்று அரக்குக் கிண்ணங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் எனக்குச் சோறிட்டார்.

அச்சடங்கைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவராகவே கூறினார்.

சென்ற டிசெம்பரில் அவருடைய பேரன், அதாவது என் நண்பர், பாட்டனாரின் உடையை அணிந்து வெடித்த வயலுக்குச் சென்று தெய்வத்தை அழைத்து வந்தாராம். குடியிருப்பின் வாயிலை அடைந்ததும், சிறுவயது முதல் கேட்டுப் பழகிய சொற்கள் தாமாகவே அவர் வாயில் வந்தன: "இங்கே ஒரு படி உண்டு, கவனம்." அங்கே படி எதுவும் இல்லை. ஒபாச்சான் இடைமறித்தார்.

"படி இல்லை என்று சொல். வீடு போய்விட்டது என்று சொல். தாத்தாவும் போய்விட்டார் என்று சொல். கண் தெரியாத விருந்தாளியிடம் பொய் சொல்லலாமா?"

நண்பர் ஒவ்வொன்றாகக் கூறினாராம். அறை சிறிது என்றார். குளியற்றொட்டி பிளாத்திக்கினால் ஆனது, நீர் மட்டும் நல்ல சூடு என்றார். நெல் இல்லை, இது கடையில் வாங்கிய அரிசி என்றார். இதைச் சொல்லும்போது நண்பர் தலை கவிழ்ந்திருந்தார். ஒபாச்சானோ, "அவர்கள் தங்கினார்கள், பெப்ரவரியில் அனுப்பி வைத்தோம்" என்று அமைதியாகக் கூறி, என் கிண்ணத்தில் மேலும் சோறிட்டார்.

சுசு நகரில் இவ்வழிவுக்கு முன்னரே ஏறத்தாழ அரைப்பங்கினர் 65 வயதைக் கடந்தவர்கள். இளையோர் நகரங்களை நாடிச் செல்கின்றனர். என் நண்பரும் கனசாவாவிலேதான் தொழில் புரிகிறார். செம்பூ மே மாதத்தில் மலரும். இடி நவம்பரில் முழங்கும். மீன் தவறாது கரை தேடி வரும். வருவோர் வந்துகொண்டேயிருப்பர். வாயிலில் நின்று வரவேற்பதற்கு ஒருவர் வேண்டும். ஒரு நாட்டுப்புறத்தின் பருவ அழகு என்பது இயற்கை மட்டும் தருவதன்று. அதனை எதிர்கொண்டு அழைக்கும் மனிதர் இருக்கும் வரைக்கும் நிலைப்பது.

விடைபெறுகையில் ஒபாச்சான் சிறு உப்புப் பொதி ஒன்றைத் தந்தார். வரும் டிசெம்பரிலும் சடங்கு நடைபெறுமா என நண்பரிடம் வழியிற் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாது வண்டியைச் செலுத்தினார். பின்பு, "லீவு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்றார்.