ஆறு முடியுற ஊர்

முக்கூடல் படித்துறையில் குளிக்கும்போது என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா, இந்தத் தண்ணி எங்கே போய்ச் சேருதுன்னு? ஒரு ஞாயித்துக்கிழமை கூடவே கிளம்பிப் பாருங்க மக்கா. நெல்லை, ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியா ஆத்தூர். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் புன்னைக்காயல்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தாமிரபரணி. நடுவில் மணல்மேட்டில் மீனவர் கிராமம். பாண்டியர் காலத்தில் கப்பல் வந்து நின்ற கொற்கை இன்னைக்குக் கடலைவிட்டு சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கு. நம்ம ஆறு கொண்டுவந்து கொட்டின மண்தான் காரணம். கொற்கை தூர்ந்து பழையகாயல், பிறகு புன்னைக்காயல்னு துறைமுகமே கடலைத் துரத்திக்கிட்டு நடந்திருக்கு!

மதியம் போகாதீங்க, மணல் சுடும். சாயங்காலம் கரைக்கு வர்ற வள்ளங்களைப் பார்த்துட்டு, அலையாத்திச் செடிகளின் வேரையும் பாருங்க. ஷாம்பு பாக்கெட், பாலிதீன் பை சிக்கியிருந்தால், அது எந்தப் படித்துறையில் இருந்து புறப்பட்டதோ!

2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஆத்து வெள்ளமும் சேர்ந்துக்கிச்சு. மேலே இருந்து எது வந்தாலும் கடைசியில் தாங்குறது இந்த முகத்துவாரம்தான்.

ஊர் திரும்பிக் குளிக்கப் போறப்போ, ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணியில வீசப்போன கை ஒரு நொடி நிற்கும். நின்னுச்சுன்னா, போய் வந்த பஸ் காசு வீண் இல்ல!