புகைப்பவரா? ஆறில் ஒன்றைத் தேர்வு செய்க

சென்னையில் இரவு எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் அக்கம்பக்கத்தார் கால் சென்டர் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். அப்படிக் கிளம்பிய ஒருவரும் மறுத்துப் பார்த்து அலுத்துப்போனார். இவர் செய்தது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து அனுப்பிவிட்டு ரெக்கார்டரில் பேசி வைப்பார். அந்தக் குரல் இங்கே வந்து எழுத்தாகி, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் ஃபைலில் சேர்ந்துவிட வேண்டும். இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி. சம்பளம் வரிக்கணக்கில்.

மேசைக்கடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். ஒரு டாக்டர் வாயில் சாண்ட்விச்சோடு பேசுவார், இன்னொருவர் கார் ஓட்டிக்கொண்டே பேசுவார். செலப்ரெக்ஸ் மூட்டுவலிக்கு, செலெக்ஸா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்கு. அரைத் தூக்கத்தில் கேட்டால் மூன்றும் ஒன்றுபோலத்தான் விழும். அதனால் பயிற்சியில் முதல் வாரமே சொல்லித்தந்த பாடம்: காதில் விழாததை ஊகித்து எழுதாதே, கோடு போட்டு விட்டுவிடு, டாக்டர் நிரப்பிக்கொள்வார். வரிக்குக் காசு என்ற இடத்தில் கோடு போட மனசு வர வேண்டும். இவருக்கு அது வரச் சில மாதங்கள் ஆயின.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் மறக்காத ஒரு வாக்கியம் உண்டு. ஒரு பெரியவரின் புகைப்பழக்கத்தைப் பற்றி டாக்டர் சொன்னது: நாளைக்கு அரை பாக்கெட் பிடித்துக்கொண்டிருந்தவர், மனைவி போன பிறகு ஒன்றரை ஆகிவிட்டது, பேத்தி வந்திருக்கும் வாரங்களில் மட்டும் தொடுவதில்லை. இரண்டு வரிக்குச் சற்று அதிகம். அந்த ஆளை எப்படிப் புகையிலிருந்து மீட்கலாம் என்பதற்கான துப்பு அதிலேயே இருந்தது.

2009 பிப்ரவரி 17 அன்று, பொருளாதாரச் சரிவிலிருந்து மீள்வதற்கான சட்டத்தில் அப்போதைய அமெரிக்க அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். ஹைடெக் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பகுதி அதற்குள் இருந்தது: நோயாளிப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் டாக்டர்களுக்கு ஊக்கத்தொகை. முதியோருக்கான மெடிகேர் வழியாக வந்தால் ஐந்தாண்டுகளில் ஒரு டாக்டருக்கு 44,000 டாலர் வரை. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் வழியாக என்றால் ஆறாண்டுகளில் 63,750 வரை. 2015க்குள் மாறாதவர்களுக்கு மெடிகேர் கட்டணத்தில் ஒரு சதவீதத்தில் தொடங்கிப் பிடித்தம். வெல்லமும் பிரம்பும் சேர்ந்தே வந்தன.

சட்டம் எழுதியவர்கள் விவரமானவர்கள். மென்பொருளை வாங்கி மூலையில் போட்டுவிட்டுக் காசோலைக்குக் கைநீட்ட முடியாது. சான்றிதழ் பெற்ற மென்பொருளை ‘பொருள்படப் பயன்படுத்தியதாக’க் காட்ட வேண்டும். 2010 ஜூலையில் வந்த முதற்கட்ட விதிகளில் டாக்டர்களுக்கு 15 கட்டாய இலக்குகள், போதாததற்கு 10ல் ஐந்தைத் தாங்களே தேர்ந்துகொள்ள வேண்டும். முதல் ஆண்டில் 90 நாள் தொடர்ந்து செய்து காட்டினால் போதும்.

அந்த 15ல் ஒன்று புகைப்பழக்கம். 13 வயதும் அதற்கு மேலும் ஆன நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது பதிவாகியிருக்க வேண்டும். வாக்கியமாக எழுதினால் கணக்கில் வராது. மென்பொருள் எண்ணிப் பார்க்கும் வடிவில், தந்திருக்கும் ஆறு வகைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். தினமும் புகைப்பவர், சில நாள் புகைப்பவர், முன்பு புகைத்தவர், ஒருபோதும் புகைக்காதவர், புகைப்பவர் ஆனால் இப்போதைய நிலை தெரியாது, புகைத்தாரா என்பதே தெரியாது. பேத்திக்காக விடுகிறவருக்கு ஏழாவது வகை இல்லை.

இவருடைய ஷிஃப்டில் ஃபைல்கள் குறையத் தொடங்கியது அப்போதுதான். குரலை எழுத்தாக்கும் மென்பொருளும் அதே சமயம் தேறிவந்ததால் பழியை முழுக்க ஊக்கத்தொகைமீது போட முடியாது. ஆனால் டாக்டருக்குப் பணம் கட்டத்தில் விழும் டிக்குக்குத்தான் என்றான பிறகு பேச்சுக்கு என்ன மதிப்பு? டாக்டர்கள் தாங்களே தட்டச்சினார்கள். 2016இல் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 57 டாக்டர்களைக் கூடவே இருந்து கவனித்ததில், நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினியிலும் மேசை வேலையிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போயிற்று.

திட்டம் தோற்றது என்று இவர் சொல்லமாட்டார். 2008இல் அமெரிக்க மருத்துவமனைகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே அடிப்படை மின்னணுப் பதிவு இருந்தது. 2015இல் ஐந்தில் நான்குக்கு மேல். இன்சுலின் அளவை யூனிட் என்று எழுதாமல் ‘யூ’ என்று சுருக்க, அதைப் பூஜ்யமாகப் படித்துப் பத்து மடங்கு மருந்து ஏற்றிய பிழைகள் கையெழுத்துக் காலத்தின் சொத்து. அவை போவதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

எண்ணிக்கைக்குக் காசு என்றால் எண்ணிக்கை எப்படியாவது வந்துவிடும். கொஞ்சம் வேடிக்கை இதில் உண்டு. நோயாளிகளில் ஐந்து சதவீதம் பேராவது தங்கள் பதிவை இணையத்தில் பார்க்க வேண்டும் என்று இரண்டாம் கட்டத்தில் விதித்தார்கள். டாக்டர்கள் முக்கித் திணறியபின் ஒரே ஒரு நோயாளி பார்த்தால் போதும் என்று இறங்கிவந்தார்கள். 2017இல், இந்தப் பதிவு மென்பொருளைச் செய்து விற்கும் ஈகிளினிக்கல்வொர்க்ஸ் நிறுவனம் 15.5 கோடி டாலர் கொடுத்து ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. முழு மருந்துப் பட்டியலையும் தேடித்தரும் வசதியைச் செய்யாமல், சான்றிதழ்ச் சோதனையில் கேட்கப்படும் 16 மருந்துக் குறியீடுகளை மட்டும் உள்ளே எழுதிவைத்தார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. பரீட்சைக்கு வரும் கேள்விக்கு மட்டும் படிக்கிற பிள்ளைகளை நமக்குத் தெரியாதா!

இவர் இப்போது ஸ்கிரைப். டாக்டர் நோயாளியோடு பேசுவதை இணையம்வழி அந்தக் கணமே கேட்டுப் பதிவை நிரப்புகிறார். பெடல் பரணில் கிடக்கிறது. டெம்ப்ளேட்டைத் திறந்தால் உடற்பரிசோதனை முழுவதும் ‘சீர்’ என்று ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மாற வேண்டியதை மட்டும் மாற்ற வேண்டும். ஒருமுறை, இடது கால் முழங்காலுக்குக் கீழ் எடுக்கப்பட்ட ஒருவரின் பதிவில் ‘இரு பாதங்களிலும் நாடித்துடிப்பு சீர்’ என்று மூன்று வருகைகளாக நகலாகிவந்திருந்தது. மூன்றில் ஒன்று இவர் நிரப்பியது. கோடு போடப் பழகிய கைக்கு, முன்பே நிரம்பிவரும் பக்கத்தைச் சந்தேகிக்கப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் திறந்தவுடன் எல்லாச் ‘சீர்’களையும் அழித்துவிட்டுக் காதில் விழுந்ததை மட்டும் போடுகிறார். ஒரு பதிவுக்கு நான்கு நிமிடம் கூடுதல். மேற்பார்வையாளருக்குப் பிடிக்கவில்லை.

இந்தியாவிலும் 2023 ஜனவரி முதல், மின்னணுப் பதிவுகளை உருவாக்கி நோயாளியின் ஆபா என்ற 14 இலக்க மருத்துவ அடையாள எண்ணோடு இணைக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் ஊக்கத்தொகை தரத் தொடங்கினார்கள், அதிகபட்சம் 4 கோடி ரூபாய். இங்கும் எத்தனை என்பதற்கேற்பவே பணம். ஒவ்வொரு பதிவிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத்தான் இவருக்கு ஆசை.

புகைப்பழக்கக் கட்டம் வரும்போது முதலில் ஆறில் ஒன்றைத் தொடுகிறார், அது டாக்டருக்கு வேண்டும். பிறகு கீழே, யாரும் எண்ணாத குறிப்புக் கட்டத்தில், நோயாளி சொன்னதை ஒரு வாக்கியமாகச் சேர்க்கிறார். சில டாக்டர்கள் கையெழுத்திடும்போது அதை வெட்டிவிடுவதுண்டு. ஒருவர் மட்டும், பொங்கல்போல அவர்களுக்கு வரும் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மகன் ஊரிலிருந்து வருவான் என்று நோயாளி சொன்னதை வெட்டாமல் விட்டு, அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு நிகோடின் ஒட்டுப்பட்டை தொடங்கலாம் என்று கூடவே எழுதச் சொன்னார்.