கடலைத் தேடிப் போன சிங்கம்

"அம்மா, வாயை நல்லாத் திறங்க. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகருங்க!"

கைபேசியோடு மகன் குந்தியிருக்கிறார். மெர்லயன் சிலையின் வாயிலிருந்து பீய்ச்சும் நீர், படத்தில் அம்மாவின் வாய்க்குள் விழுவது போலத் தெரிய வேண்டும். சிங்கப்பூர் மரினா பே கரையில் ஐந்து நிமிடம் நின்றால் இதையே பல மொழிகளில் கேட்கலாம்.

சிங்கத் தலை, மீன் உடல். பழம்புராணம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பலெம்பாங் இளவரசர் சாங் நீல உத்தமா இத்தீவில் சிங்கத்தைக் கண்டார் என்பது மலாய் மரபுக் கதை. அந்தச் சிங்கத்துக்கு மீன் வால் ஒட்டியது சுற்றுலாத் துறை! 1964-இல் சுற்றுலா வாரியத்தின் சின்னமாக இதை வரைந்தவர் வான் கிளீஃப் மீன் காட்சியகத்தின் ஃபிரேசர் புருன்னர்.

சிற்பி லிம் நாங் செங் அதற்கு உருவம் கொடுத்தார். 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை. சிமென்ட் உடம்பின் மேல் பீங்கான் தட்டுகளைப் பதித்துத் தோல் செய்தார். கண்கள்? சிறிய சிவப்புத் தேநீர்க் கோப்பைகள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அதன் முறைப்பு எனக்குக் கொஞ்சமும் பயம் தரவில்லை.

1972 செப்டம்பர் 15 அன்று சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ சிலையைத் திறந்துவைத்தார். கடல்வழி வருவோரை வரவேற்பது அதன் வேலை. ஆனால் இந்த ஊரில் கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலம் வளர்ந்தது. 1997-இல் எஸ்பிளனேட் பாலம் குறுக்கே எழுந்து, சிலையைக் கடலிலிருந்து மறைத்தது. மறு ஆண்டு பம்பும் பழுதாகி, நீர் பீய்ச்சுவது நின்றது.

பாலத்தை நகர்த்த முடியாது, சிங்கத்தை நகர்த்தினார்கள். 2002 ஏப்ரலில் மிதவையில் ஏற்றி, 120 மீட்டர் தள்ளி, பாலத்துக்கு அப்பால் இறக்கினார்கள். தண்ணீர் மறுபடி பீய்ச்சியது. 2009-இல் இடி விழுந்து தலையில் ஓட்டை, அதையும் ஒட்டுப்போட்டார்கள். 2011-இல் ஜப்பானியக் கலைஞர் தட்சு நிஷி, தலையைச் சுற்றி ஓர் ஓட்டல் அறையையே கட்டினார். கட்டிலுக்கு அருகே சிங்க முகம். இரவு தங்க ஆட்கள் போட்டி போட்டார்கள்.

இத்தனை பாடுபட்டுக் கடலைப் பார்க்க வைத்த சிங்கத்தின் முன்னால் இன்று கடல் இல்லை. 2008-இல் மரினா தடுப்பணை வந்தது. உப்பு நீர் வெளியேறி, வளைகுடா நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. சரக்குக் கப்பல்களும் மேற்கே துவாஸ் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. விளம்பரத்துக்காகப் பிறந்த உருவம் என்று இதைக் கேலி செய்பவர்கள் சிங்கப்பூரிலேயே உண்டு. எனக்கென்னவோ, கரையையும் கடலையும் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் இந்த ஊருக்கு, அந்த மாற்றங்களுக்கெல்லாம் ஈடுகொடுத்து இடம்பெயர்ந்த இதைவிடப் பொருத்தமான காவல் தெய்வம் கிடைத்திருக்காது என்று தோன்றுகிறது.