பழைய பெட்டிக்குப் புதிய வன்தட்டு

எமது அலுவலகத்தின் உள்ளறையில், சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. நான்கு கணினிகளும் கம்பியால் அதனோடு இணைந்துள்ளன. அதற்குள் இரண்டு வன்தட்டுகள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருதுப் பெண்கள் தந்த கடதாசிகளின் பிரதிகள் அதற்குள்தான்: காணி உறுதி, பொலிஸ் முறைப்பாடு, பிறப்புச் சான்றிதழ், காணாமற்போனவரின் படம். சிலர் அழுதழுது சொன்னவற்றின் ஒலிப்பதிவும் உண்டு. உங்களிற் சிலருடையதும் இருக்கலாம்.

மூலப் பத்திரம் வீட்டில் இருக்குமே என்று எமது பகுதியில் சொல்ல முடியாது. 1990இல் வீட்டை விட்டு ஓடியபோது கொஞ்சம் போயிற்று. மிச்சத்தை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோயிற்று. 2018இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வந்த சிலருக்கு இந்தப் பெட்டியிலிருந்துதான் பிரதி எடுத்துக் கொடுத்தோம்.

ஒவ்வொரு தட்டும் 1 டெராபைட். நிறைந்துவிட்டது. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு புதுப்பெட்டி வாங்கும் நினைப்பே இல்லை. 4 டெராபைட் தட்டுகள் இரண்டு மட்டும் வாங்கினோம். சில பழைய பெட்டிகள் 2 டெராபைட்டுக்கு மேல் அறியாது என்பதால், எமது பெட்டி எவ்வளவு ஏற்கும் என்று முதலில் பார்த்துக்கொண்டோம்.

கணினி திருத்தும் தம்பி கழற்ற முன் ஒரு கேள்வி கேட்டார்: "மிஸ், வேற இடத்தில கொப்பி இருக்கா?"

நான் இரண்டு தட்டையும் காட்டினேன்.

"இது கொப்பி இல்ல மிஸ். ஒன்றில கைபட்டு அழிஞ்சா அடுத்ததிலயும் அந்த நிமிசமே அழியும். தண்ணி வந்தா ரெண்டும் சேர்ந்துதான் போகும்."

அலுமாரியில் ஒரு வெளித்தட்டு இருந்தது. கடைசியாகப் பிரதி எடுத்து ஏழு மாதம். அது என் பொறுப்பு. அன்று வேலையை நிறுத்தி, புது வெளித்தட்டொன்றில் எல்லாவற்றையும் பிரதி எடுத்தோம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த ஓலைச்சுவடிகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்து மனம் நொந்தவள் நான். எனது அலுமாரியை நான் பார்க்கவில்லை.

அந்த நேரம்தான் மாமி ஒருவர் வந்தார். கணவரின் அடையாள அட்டைப் பிரதி எம்மிடம் மட்டுமே உள்ளது. வேறு படமில்லை.

"என்ட மனிசன்ட படம் இதுக்குள்ளதானே மகள் இரிக்கி? கழட்டினா அழிஞ்சிராதா?"

"அழியாது மாமி" என்று சொல்ல வாய் வரவில்லை. வெளித்தட்டிலிருந்து படத்தைத் திறந்து காட்டினேன். விரலால் திரையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பிரதி அச்செடுத்து, பிளாஸ்ரிக் உறையிட்டுக் கையில் கொடுத்தேன். மற்றக் கோப்புகளிலும் அங்கொன்று இங்கொன்றாகத் திறந்து பார்த்த பிறகே தட்டைக் கழற்ற விட்டேன்.

மாற்றுவது ஒவ்வொன்றாகத்தான். இடப்பக்கத் தட்டை எடுத்துப் புதியதைப் போட்டதும், வலப்பக்கத் தட்டிலிருந்து எல்லாம் அதற்கு ஏறத் தொடங்கும். அந்த வேளையில் பெட்டிக்குள் எல்லாம் பழைய தட்டொன்றிலேயே தங்கியிருக்கும். கரண்ட் போனால் தாங்கட்டும் என்று பற்றரிப் பெட்டியும் பூட்டினோம். எட்டு மணித்தியாலம் சென்றது. மறுநாள் அடுத்த தட்டு. இரண்டும் மாறிய பிறகும் இடம் கூடவில்லை, ஏமாந்துவிட்டோமோ என்று பயந்தேன். கொள்ளளவை விரிக்கும்படி பெட்டிக்கு நாமே கட்டளையிட வேண்டுமாம்.

கழற்றிய தட்டுகளைக் கடைக்காரர் விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. அழித்தாலும் மீட்டெடுக்கலாம். அவற்றில் இருப்பவை கணவனுக்கும் மாமியாருக்கும் சொல்லாத கதைகள். எல்லாம் சரிவந்ததும், முழுத் தட்டிலும் மேலெழுதிவிட்டு, தச்சுப் பட்டறையில் கொடுத்துத் துளையிட்டோம். எதற்கென்று தச்சர் கேட்டார். பழுது என்றேன்.

வெளித்தட்டுக்குக் கடவுச்சொல் போட்டுச் சம்மாந்துறையில் வைத்திருக்கிறோம். சுனாமி அங்கே வரவில்லை. மாதத்தின் முதல் வெள்ளி அதை எடுத்துவந்து புதுப்பிப்பது இன்னும் என் பொறுப்புத்தான். திகதியை நாட்காட்டியில் சிவப்பால் வட்டமிட்டிருக்கிறேன்.