விருந்தினர் கண்ட எங்கள் ஊர்

முசிறி என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழ் பயின்றோர் உள்ளத்தில் யவனரின் மரக்கலங்கள் தோன்றுவது இயல்பு. மிளகு வாங்கக் கடல் கடந்து வந்த அவர்களைப் பற்றி அகநானூறு பேசுகிறது. ஆயினும் அந்த முசிறி பண்டைச் சேர நாட்டுத் துறைமுகம். இன்றைய கேரளக் கடற்கரையைச் சார்ந்தது. எங்கள் முசிறியோ திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு நேர் எதிரே அமைந்த சிற்றூர். வாழையும் வெற்றிலையும் கோரைப் பாயுமே இதன் செல்வங்கள். இங்கே கடலும் இல்லை, கப்பலும் இல்லை. எங்கள் ஊரைத் தேடி யவனர் எவரும் வந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் குறை 2009ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் நீங்கிற்று. ஜெர்மனி நாட்டு மங்கையர் இருவர், முதுகில் ஆளுயர மூட்டையுடன் எங்கள் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். ஒருத்திக்கு வயது பத்தொன்பது, மற்றவளுக்கு இருபது. தெருப் பிள்ளைகள் அனைவரும் பின்தொடர்ந்து வந்து திண்ணையை நிறைத்துக்கொண்டனர்.

அவர்கள் எதற்காக வந்தனர் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். பதினெட்டு முதல் இருபத்தெட்டு வயது வரையிலான இளையோர் பிற நாடுகளுக்குச் சென்று தொண்டாற்ற உதவும் 'வெல்ட்வெர்ட்ஸ்' என்னும் திட்டத்தை ஜெர்மானிய அரசு 2008இல் தொடங்கியது. அத்திட்டத்தில் வந்தவர்கள் இவர்கள். இத்தகைய தொண்டு நம் நாட்டிற்குப் புதிதன்று. 1934இல் பீகாரை நிலநடுக்கம் சிதைத்தபோது, பியேர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் தோழர் சிலருடன் வந்து, மண்வெட்டி பிடித்து, வீடிழந்தோருக்குக் குடியிருப்புகள் அமைக்க உதவினார். முதல் உலகப் போரில் அழிந்த பிரெஞ்சுச் சிற்றூர் ஒன்றைச் சீரமைக்க 1920இலேயே பல நாட்டவரை ஒன்று சேர்த்து உழைத்தவர் அவர்.

எங்கள் விருந்தினர் முசிறியைத் தேர்ந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1986இல் மராச்சி சுப்புராமன் நிறுவிய 'ஸ்கோப்' தொண்டு நிறுவனம் இவ்வட்டாரத்தில் உலர் உரக் கழிப்பறைகளைப் பரப்பி வந்தது. அத்தொண்டுக்காக அவர் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றதை வாசகர் அறிந்திருக்கலாம். முசிறி சாலியர் தெருவில் அமைந்த பொதுக் கழிப்பறை 2008ஆம் ஆண்டில் வெளிநாட்டு ஏடுகளிலும் பேசப்பட்டது. அதைப் பயன்படுத்துவோர் காசு கொடுக்க வேண்டியதில்லை. அவர்களுக்கே முறைக்குப் பத்துப் பைசா கொடுக்கப்பட்டது! மலம் ஓர் அறையிலும், சிறுநீர் ஒரு கலத்திலும், கழுவிய நீர் செடிகளுக்குமாகப் பிரிந்து செல்லும். மலத்தின் மேல் சாம்பல் தூவப்படும். அறை நிறைந்ததும் அதனை மூடிவைத்தால், மாதங்கள் சென்றபின் நாற்றமற்ற உரம் கிடைக்கும். அம்முறையைக் காணவும், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தூய்மையைக் கற்பிக்கவும் அவர்கள் வந்திருந்தனர். சிற்றூருக்குச் சென்று தங்குமுன் ஒரு மாதம் நகரில் தமிழ் பழகவேண்டுமென, ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய எங்கள் மாடியறையில் குடியமர்ந்தனர்.

முதல் வாரம் முழுவதும் நகைச்சுவைக்குக் குறைவில்லை. "சாப்பிட்டாச்சா?" என்று வழியிற் கேட்டோர் அனைவரும் தங்களை விருந்துக்கு அழைப்பதாக எண்ணி, "இல்லை" என்று மெய்யுரைத்து, ஒரே காலையில் மூன்று வீடுகளில் இட்டலி உண்டு திரும்பினர். பேருந்தின் ஒலிப்பான் ஒவ்வொன்றும் தங்களையே அதட்டுவதாக அஞ்சினர். வயதென்ன, திருமணம் ஆயிற்றா, தந்தைக்குச் சம்பளம் எவ்வளவு என்ற வினாக்களுக்குத் திகைத்து நின்றனர். நாள்தோறும் கால்பட்டு அழியும் கோலத்தை நாள்தோறும் இடுவானேன் என வியந்தனர். கட்டிலை விட்டுவிட்டுக் கோரைப் பாயில் படுத்து, "இது குளிர்ச்சியாக இருக்கிறது" என்று மகிழ்ந்தனர்.

அவர்கள் தவறாகக் கண்டவையும் உண்டு. "இவ்வூரில் யாரும் நன்றி சொல்வதில்லை" என மூத்தவள் தன் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். உற்றாரிடம் நன்றி சொல்வது அவர்களை அயலாராக்குவது போன்றது என்று நாங்கள் விளக்கினோம். அவள் சற்றே சிந்தித்து, அவ்வரியை அடித்துவிட்டாள். அவ்வாறு அவள் தவறுகளைத் திருத்துவதில் எங்களுக்கு ஓர் ஆசிரியப் பெருமிதம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அப்பெருமிதம் எட்டாம் நாள் கலைந்தது.

எங்கள் பின்கட்டுச் சுவரின் மாடக்குழியில் ஓர் அலுமினியக் குவளை இருந்தது. முற்றத்தையும் கழிப்பறையையும் தூய்மை செய்ய வரும் அம்மையாருக்கு அதில்தான் காப்பி ஊற்றுவோம். தூக்கி ஊற்றுவோம், அவர் தாமே கழுவி அங்கேயே கவிழ்த்து வைப்பார். அவருடைய மாமியார் காலத்தில் எங்கள் வீட்டில் இருந்தது எடுப்புக் கக்கூசு. அந்த மூதாட்டி தலையிற் சுமந்து சென்றதை நாங்கள் சிறுவயதில் கண்டிருக்கிறோம். பின்னர் மலத்தொட்டி கட்டினோம். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993இல் ஒரு சட்டமும், 2013இல் அதனினும் விரிவான மற்றொரு சட்டமும் தடை செய்தன. எங்கள் வீட்டுக் கழிப்பறை மாறிவிட்டது, குவளை மாறவில்லை. மாறவில்லை என்பதுகூட எங்களுக்குத் தெரியவில்லை. சுவரில் ஒரு செங்கல்லைப் போல அது எங்கள் கண்ணுக்குப் பழகிப்போயிருந்தது.

அன்று காலை பாத்திரம் கழுவ உதவிய இளையவள், அந்தக் குவளையையும் மற்றவற்றோடு சேர்த்துத் துலக்கி, சமையலறை அலமாரியில் எங்கள் குவளைகளின் நடுவே அடுக்கிவிட்டாள். நாங்கள் அதைக் கண்டதும் ஒன்றும் சிந்திக்கவில்லை. கை தானாக நீண்டது. எடுத்துச் சென்று மாடக்குழியில் வைத்துவிட்டுத் திரும்பினோம். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது யாருடைய குவளை, அம்மா?"

"வேலைக்கு வரும் அம்மாவுடையது."

"அப்படியானால் என்னுடையது எது?"

அவள் குத்திக்காட்டவில்லை. இவ்வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு குவளை உண்டு போலும் என்றே நம்பிக் கேட்டாள். அதனால்தான் எங்களால் விடை சொல்ல முடியவில்லை. கடல் கடந்து வந்த பெண்ணுக்கு எங்கள் குவளைகளில் எதுவும் உரியது. முப்பது ஆண்டுகளாக எங்கள் முற்றத்தைத் துப்புரவாக்குபவருக்கு ஒன்றும் உரியதில்லை. அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் தண்ணீர் கேட்ட நிகழ்ச்சியை மறைக்கல்வி வகுப்பில் எத்தனை முறை பிள்ளைகளுக்கு விளக்கியிருப்போம்! அங்கே அவர் அருந்தக் கேட்டது யாருடைய கலத்தில் என்பதை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை எவர்சில்வர் குவளையில் காப்பி கொடுத்தோம். அந்த அம்மையார் வாங்க மறுத்தார். "வேண்டாம் டீச்சரம்மா, எனக்கு அதுதான் பழக்கம்" என்று மாடக்குழியைப் பார்த்தார். எங்கள் நற்செயலை அவர் உடனே ஏற்று மகிழ்வார் என்று எண்ணியிருந்த நாங்கள் வெட்கினோம். பல்லாண்டுகள் நாங்கள் பழக்கிவிட்டதை ஒரே காலையில் அவர் மறந்துவிட வேண்டுமென எதிர்பார்ப்பதும் ஒருவகை அதிகாரமே அன்றோ? குவளையைக் கையில் வாங்க அவருக்கு ஐந்தாறு நாள் ஆயிற்று. கூடத்தில் அமர்ந்து அருந்த அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் வரை ஆயிற்று. அதுவும் நாற்காலியின் விளிம்பில்தான். அன்று அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே: "அந்தப் பழைய குவளையை என்ன செய்தீங்க?" எடைக்குப் போட்டுவிட்டோம் என்றோம். "என்கிட்டே கொடுத்திருந்தால் நானே போட்டிருப்பேனே" என்றார். அக்கூற்றின் பொருள் இன்றும் எங்களை விட்டு அகலவில்லை.

இளையவள் சிற்றூருக்குப் புறப்பட்ட நாளில், அவள் காட்டிய ஒன்றுக்காக அவளுக்கு நன்றி சொன்னோம். உற்றாரிடம் நன்றி சொல்வதில்லை என்று கற்பித்தவர்கள் நாங்கள்தாமே என அவள் நகைத்தாள். பின்பு முகம் மாறிச் சொன்னாள்: "எங்கள் ஊரில் விடியுமுன் வந்து எங்கள் பள்ளியைத் துடைப்பவர்கள் வேறு நாட்டிலிருந்து வந்த பெண்கள். ஒன்பது ஆண்டுகள் அங்கே படித்தேன். அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. உங்கள் குவளையைப் பார்த்தபின்தான் அது நினைவுக்கு வந்தது."

அன்பு வாசகர்களே, புதிதாய் வந்தவர் கண் எல்லாவற்றையும் சரியாகக் காணும் என்று நாங்கள் கூறவில்லை. அது இட்டலிக்கு அழைப்பில்லாத இடத்தில் அழைப்பைக் கண்டது. நன்றியுள்ள இடத்தில் நன்றியின்மையைக் கண்டது. ஆனால் பழகிய கண் காணாததையும் அதுவே காண்கிறது. அக்கண் பழகிப்போவதற்கும் நெடுநாள் ஆகாது. இரண்டு மாதங்கள் கழித்து எங்களைக் காண வந்தபோது, அவ்விருவரும் ஒலிப்பான் சத்தத்தைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஆகவே உங்கள் இல்லத்திற்கு அயலூரிலிருந்து எவரேனும் வந்து தங்கினால், உணவு எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். ஒரு வாரத்திற்குள்ளாகவே, "எங்கள் வீட்டில் உங்களுக்கு விளங்காதது எது?" என்றும் கேளுங்கள். அவர்கள் தயங்குவார்கள். காத்திருங்கள். சொல்லும்போது விளக்கம் கூற விரையாதீர்கள். நாங்கள் விளக்கம் கூற முடியாமல் நின்ற அந்த ஒரு காலைதான், எங்கள் ஊரையும் எங்கள் வீட்டையும் எங்களுக்குக் காட்டியது.